ரொட்டி வண்டியின் ஓட்டுநர் இருக்கை

பேக்கரி முற்றத்தில் கணவர் விழுந்தபோது அவள் வேனுக்குப் பின்னால் நின்று ஒரு ட்ரேயை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். அவர் கையிலிருந்த தகர ட்ரே விழுந்து உருளும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். தரையெல்லாம் பன். நடுவில் அவர். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கண்கள் மேலே செருகியிருந்தன. அவரை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட கூச்சலில், அடுப்புக்கு முன்னால் நின்றவர்கள் மாவுக் கையோடு ஓடி வந்தார்கள்.

"ஓட்டிக்கிட்டு இருக்கும்போது வராம, கீழ நிக்கும்போது வந்துச்சே, அதை நினைச்சு சந்தோஷப்படுங்க" என்றார் மருத்துவர்.

அவள் சந்தோஷப்படத் தயாராகத்தான் இருந்தாள், அடுத்த வாக்கியம் வரும்வரை.

"மாத்திரையை விடாம போட்டா வலிப்பு கட்டுக்குள்ள இருக்கும். நடக்கலாம், வேலை செய்யலாம். ஆனா இனிமே ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது."

கணவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார், யாரோ அவற்றை வெட்டி எடுத்துப் போக வந்திருக்கிறார்கள் என்பதுபோல.

கடைக்காரர்கள் அவளை ரொட்டிக்காரம்மா என்று அழைப்பார்கள். வேன் அவர்களுடைய சொந்த வேன். அவர் ஓட்டுவார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து போய், கடைக்குக் கடை இறங்கி ட்ரேக்களைக் கொடுத்துவிட்டு ஏறுவாள். சந்துகளில் பின்னால் எடுக்கும்போது அவள் இறங்கி வண்டியின் வாலைப் பார்த்து நிற்பாள். வண்டியின் உடம்புத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு அடி அடித்தால் "வா வா" என்று அர்த்தம். ஒரே அடி என்றால் "நில்". பதினான்கு வருஷத்தில் அந்த ஒற்றை அடிக்கு அவர் ஒரு தடவைகூட நிற்காமல் இருந்ததில்லை. வீட்டில் ஆயிரம் சண்டை போட்டாலும், வண்டிக்குப் பின்னால் நிற்கிறவளின் கைதான் சட்டம். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களில்கூட, பேச வேண்டியதையெல்லாம் அந்தத் தகரம் பேசிவிடும்.

பேக்கரி முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் ரொட்டி காத்திருக்காதே!

"இந்த மாசம் வேற வண்டி வச்சு சமாளிச்சுக்கறேன்மா. அடுத்த மாசம் மொத நாள் உங்க வேன் இந்த முற்றத்துல நிக்கணும். ஓட்டறவங்க கையில வாடகை வண்டிக்கான சரியான லைசென்ஸ் இருக்கணும். இல்லன்னா அந்த வண்டிக்காரருக்கே லைனைக் குடுத்துடுவேன். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது" என்றார். பிறகு சற்றுக் குரலைத் தாழ்த்தி, "யாரை வச்சு ஓட்டப் போறீங்க?" என்று கேட்டார்.

"நான்தான் ஓட்டுவேன்" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான், சொன்னது தன் வாய்தான் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் தெரிந்த பிறகு அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"ஓட்டேன். யாரு வேணாம்னா?" என்றார் சுவரிடம்.

"அதை இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்களேன்."

"சுவர்கிட்ட சொன்னா உனக்குக் கேக்காதா?"

பள்ளிப் பாடத்தை முடித்துப் படுக்க வந்த மகள் நடுவில் புகுந்தாள். "அப்பா, அம்மா ஓட்டலன்னா நம்ம வேனை அங்கயே நிக்க வச்சு கோழி வளர்க்கலாம். எது வசதின்னு நீங்களே சொல்லுங்க."

அவர் திரும்பவில்லை. ஆனால் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுமாகவே இருக்கட்டும் என்று விளக்கை அணைத்தாள்.

மறுநாள் ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில், மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சின்னக் கார் லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு. முன்னாடி தையல் கடையில வேலை பார்த்தப்போ, முதலாளியம்மா காரை ஓட்டறதுக்காக எடுத்தது."

"ஒரு வருஷம் தாண்டிடுச்சா?"

"அது தாண்டி எம் பொண்ணே என்னைத் தாண்டி வளந்துட்டா."

"சரி. ஆனா அதை வச்சு கூலிக்கு சரக்கு ஏத்த முடியாது. சின்ன வேனா இருந்தாலும் தொழில் லைசென்ஸ் தனி. கண்ணு பரிசோதனை, டாக்டர் சர்டிபிகேட், முதலுதவி வகுப்பு, பாட வகுப்பு, யார்டு மைதானத்துல பயிற்சி, ரோட்டுல பயிற்சி, எல்லாம் முடிக்கணும். ஒரு மணி நேரம் குறைஞ்சாலும் தேர்வுக்கு அனுப்ப மாட்டோம். வரும்போதும் போகும்போதும் கைரேகை வைக்கணும்."

"ரொட்டிதாம்மா ஏத்தப் போறேன். அதுக்கு இவ்வளவா?"

"ரொட்டி ஒண்ணும் ஆகாது. ரோட்டுல போறவங்களுக்கு ஏதாவது ஆகக் கூடாது இல்ல?"

சரியாகத்தான் சொல்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. கட்டை விரலை நீட்டினாள். கருவி சிவப்பாக மின்னியது. சூட்டு ட்ரே தூக்கித் தூக்கி, விரலில் ரேகை என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் தேய்ந்திருந்தது. விரல் மாற்றி விரல் வைத்து, கடைசியில் இடது கைச் சுண்டு விரலைக் கருவி ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு தினமும் அவள் சுண்டு விரலை நீட்டிக்கொண்டு உள்ளே நுழைவதைப் பார்த்து, வகுப்பில் இருந்த இளவட்டங்கள் எழுந்து நின்று சுண்டு விரலைக் காட்டி வணக்கம் வைப்பார்கள். அவளும் விட்டுக்கொடுக்காமல் ராணி மாதிரி தலையசைத்துவிட்டு முன் பெஞ்சில் போய் உட்காருவாள்.

பயிற்சியாளருக்கு முப்பது வயதிருக்கும். பயிற்சி வேனில் அவருடைய காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேலிருந்து அவர் காலை எடுத்ததே இல்லை என்பதால் எல்லோரும் அவரை பிரேக் மாஸ்டர் என்பார்கள். முதல் நாளே அவர் முகம் சுளித்தார்.

"கிளட்ச் மேல கால் வச்சுக்கிட்டே ஓட்டறீங்களே அக்கா, யார் சொல்லிக் குடுத்தது?"

"வீட்டுக்காரர்."

"அவரை மறந்துடுங்க."

"எப்படி மாஸ்டர் மறக்கறது? கல்யாணம் பண்ணிப் பதினெட்டு வருஷம் ஆச்சு!"

"வண்டியில ஏறினா மட்டும் மறங்க. இறங்கினதும் ஞாபகம் வச்சுக்கங்க."

அவள் கற்றாள். வண்டியை எடுக்கும் முன் சுற்றி வந்து டயர், விளக்கு, எண்ணெய், தண்ணீர் பார்க்கக் கற்றாள். பாரம் ஏற்றிய வண்டி நிற்பதற்கு எவ்வளவு தூரம் கேட்கும் என்று கற்றாள். மேட்டில் நிறுத்தி, பின்னால் ஒரு சாண்கூட உருளாமல் எடுக்கக் கற்றாள். சாலைக் குறிகளை மாலையில் மகள் கேட்பாள்; தவறாகச் சொன்னால், "அம்மா, உங்களுக்கு அபராதம் போட்டாச்சு" என்று வீட்டு வேலையில் ஒன்றைத் தன் தலையிலிருந்து இறக்கி அம்மா தலையில் வைப்பாள். அதற்குப் பயந்தே அவள் ஒழுங்காகப் படித்தாள்.

முதலுதவி வகுப்பில்தான் அவள் உடைந்து போனாள்.

வலிப்பு வந்தவரை என்ன செய்ய வேண்டும் என்று செவிலியர் ஒருவர் ஒரு மாணவனைத் தரையில் படுக்க வைத்துக் காட்டினார். கைகாலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. சுற்றிலும் இடிக்கிற பொருள்களை விலக்க வேண்டும். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அவள் கண்ணில் தாரை தாரையாக நீர் வழிந்தது. அன்று முற்றத்தில் நான் எல்லாவற்றையும் தலைகீழாக அல்லவா செய்தேன்! என்னைவிட ஒரு சாக்கு மூட்டை அவருக்கு நல்லதாக இருந்திருக்குமே!

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கணவரைத் தரையில் படுக்கச் சொன்னாள்.

"எதுக்கு?"

"படுங்கன்னா படுங்க. பாடம்."

ஒரு கையால் அவர் தோளையும் மறு கையால் முழங்காலையும் பிடித்து மெதுவாகத் தன் பக்கம் புரட்டினாள். மகளையும் செய்யச் சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த மனிதரை அவர்கள் இருவரும் மாறி மாறித் தங்கள் பக்கம் திருப்பினார்கள். மூன்றாவது தடவை திரும்பியபோது அவர் அவள் முகத்தைப் பார்த்து, "நாளைக்கு நானும் யார்டுக்கு வரட்டுமா? சும்மா, ஓரமா நின்னு பாக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து அவர் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கத் தொடங்கினார். உள்ளே அவள் ஓட்டினால் வெளியே அவர் கை தானாகத் திரும்பும். கால் தானாக மண்ணை மிதிக்கும்.

"அக்கா, அங்க பாருங்க. அண்ணன் ஒரு வண்டி தனியா ஓட்டிக்கிட்டிருக்காரு" என்பார் பிரேக் மாஸ்டர். "அதுக்கும் யாராவது பிரேக் போட்டா நல்லது."

தேர்வு நாள் வந்தது. மாதம் முடியும் தறுவாய். எழுத்துத் தேர்வில் தேறினாள். சாலை ஓட்டத்தில் தேறினாள். மேட்டில் நிறுத்தி எடுத்ததைப் பார்த்து அதிகாரி புருவத்தை உயர்த்தியதாகப் பின் பெஞ்சுப் பையன்கள் சொன்னார்கள். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: பயிற்சி வேனைப் பின்னால் எடுத்து, இரண்டு வரிசைக் கம்பங்களுக்கு நடுவே நுழைந்து, வெள்ளைக் கோட்டுப் பெட்டிக்குள் நிறுத்த வேண்டும்.

தேர்வு அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சந்தேகம் வந்தா ஒரு தடவை நிறுத்திட்டு இறங்கிப் போய்ப் பார்க்கலாம். மார்க் குறையாது. இதை எல்லாத் தடவையும் சொல்றேன், வெக்கப்பட்டுக்கிட்டு யாரும் இறங்கறதே இல்ல. கம்பத்தைச் சாய்ச்சுட்டு அப்புறம் இறங்கிப் பாக்கறாங்க. இன்னொண்ணு, வெளிய நிக்கறவங்க வாயாலயோ கையாலயோ உதவி பண்ணக் கூடாது. பண்ணினா அந்தப் பகுதி ரத்து."

அன்று குடும்பத்தாரை உள்ளே விட்டிருந்தார்கள். கணவர் கடைசிக் கம்பத்துக்குப் பக்கத்தில், வண்டிக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றார்.

அவள் பின் கியரைப் போட்டாள். கண்ணாடியில் கம்பங்கள் ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்து போயின. இடம் இருந்தது. தாராளமாக இருந்தது. இன்னும் ஒரு முழம் போனால் பெட்டிக்குள் வந்துவிடும். அவளுக்குத் தெரிந்தது, கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது.

தகரத்தில் ஓங்கி ஓர் அடி விழுந்தது.

அவள் கால் பிரேக்கில் போய் உட்கார்ந்தது. யோசித்து மிதிக்கவில்லை. கண் சொன்னதை அந்தக் கால் கேட்கவில்லை. அந்தக் கை சொன்னதைத்தான் கேட்டது. பதினான்கு வருஷமாக அந்த ஒற்றை அடிக்கு இரண்டு பேரில் ஒருவர் உயிர் அடங்கி நிற்க வேண்டும் என்பதுதானே அவர்கள் வாழ்க்கை!

அடித்த கையைத் தூக்கியபடியே கணவர் நின்றார். தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் வெளுத்துப் போயிற்று.

"யாருங்க நீங்க?" அதிகாரி அவரிடம் வந்தார்.

"அவங்க வீட்டுக்காரர் சார். கம்பத்துல இடிச்சுடுமோன்னு... கை தானா போயிடுச்சு சார். அவ மேல தப்பு இல்ல. என்னை வேணா உள்ள பிடிச்சுப் போடுங்க!"

"உள்ள போடறதுக்கு இது போலீஸ் ஸ்டேஷன் இல்ல. ஆனா பகுதி ரத்து. சட்டம் சட்டந்தான்." அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் முடிச்ச பிறகு ஒரு தடவை திரும்பச் செய்யலாம். அதுலயும் போச்சுன்னா அடுத்த மாசக் கடைசியிலதான் தேதி."

அடுத்த மாதக் கடைசி! அதற்குள் அந்த இன்னொரு வண்டிக்காரர் எல்லாக் கடைக்கும் சொந்தக்காரர் மாதிரி ஆகியிருப்பார். அவள் வேனிலிருந்து இறங்கினாள். கணவர் வேலி ஓரமாகக் குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"கெடுத்துட்டேன். என் பொழப்பும் போச்சு, உன்னோடதையும் கெடுத்துட்டேன். நான் வீட்டுக்குப் போறேன். நான் இங்க நின்னா உனக்கு விளங்காது."

அவளுக்குக் கோபம் வரத்தான் செய்தது. வாய் நிறையத் திட்டலாம் என்றுதான் கிட்டே வந்தாள். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் திட்டை விழுங்கிக்கொண்டாள்.

"எந்திரிங்க. வீட்டுக்குப் போனா அந்தச் சுவர்கிட்டதான் பேசப் போறீங்க. இங்கயே நில்லுங்க."

"திரும்பவும் கை போயிடும்டி!"

"போகாது." அவள் தன் கைப்பையை அவருடைய ஒரு கையில் கொடுத்தாள். சாப்பாட்டுத் தூக்கையும் தண்ணீர்க் குப்பியையும் இன்னொரு கையில் கொடுத்தாள். அவருடைய தோள் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் செருகினாள். "ஒண்ணு கீழ விழுந்தாலும் இன்னிக்குச் சாப்பாடு இல்ல."

பின் பெஞ்சுப் பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அழுத கண்ணோடு அவரும் சிரித்துவிட்டார்.

பிரேக் மாஸ்டர் அவளைத் தனியே அழைத்தார். "அக்கா, சும்மா சொல்லல. நிஜமாவே இடம் இருந்துச்சு. நீங்க அழகா உள்ள போயிருப்பீங்க."

"தெரியும் மாஸ்டர். கண்ணுக்குத் தெரிஞ்சுது. காலுக்குத்தான் தெரியல."

எல்லோரும் முடித்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. கம்பங்களின் நிழல் நீண்டு வெள்ளைக் கோட்டின் மேல் குறுக்கே விழுந்து, எது கோடு எது நிழல் என்று குழப்பியது. அவள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் எடுத்தாள். முதல் கம்பம் போயிற்று. இரண்டாவது போயிற்று. காது தகரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஓர் அடிகூட விழவில்லை. பதினான்கு வருஷத்தில், பின்னால் எடுக்கும்போது வண்டித் தகரம் இப்படி ஊமையாக இருந்ததே இல்லை. கண்ணாடியில் பார்த்தாள், நிழலா கம்பமா? இடம் இருக்கிறதா இல்லையா?

ஒரு கணம் அவரைத் திரும்பிப் பார்க்கலாமா என்று தோன்றியது. அந்த முகத்தில் பயம் இருந்தால் இடம் இல்லை என்று தெரிந்துவிடுமே!

பார்க்கவில்லை. பிரேக்கை மிதித்தாள், கை பிரேக்கை இழுத்தாள், கதவைத் திறந்து இறங்கினாள்.

"அம்மா இறங்கிட்டாங்கடா!" என்று யாரோ சிரித்தார்கள். "வண்டியை விட்டுட்டு நடந்தே உள்ள போயிடலாம்னு பாக்கறாங்க!"

அவள் யாரையும் பார்க்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். கடைசிக் கம்பத்துக்கும் வேனின் மூலைக்கும் நடுவே தன் கையை நீட்டி வைத்துப் பார்த்தாள். ஒரு சாண். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கும் ஒரு சாண். குனிந்து பெட்டியின் கோட்டைப் பார்த்தாள்; நிழலை விரலால் தொட்டு, கோட்டை விரலால் தொட்டு, எது எது என்று தெரிந்துகொண்டாள். கணவர் நின்ற இடத்தைக் கடக்கும்போது அவர் இரண்டு கையிலும் பையும் தூக்குமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடி நிற்பதைப் பார்த்தாள். நல்லது. இந்த இடத்தை இனி நானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏறினாள். பின்னால் எடுத்தாள். வேன் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி உள்ளே போய் நின்றது.

அதிகாரி நான்கு பக்கமும் நடந்து பார்த்தார். "எத்தனையோ வருஷமா சொல்றேன், இறங்கிப் பார்க்கலாம்னு. இன்னிக்குத்தான் ஒரு ஆள் காது குடுத்துக் கேட்டிருக்கீங்க" என்றார். "தேறிட்டீங்க. போங்க."

யார்டில் எழுந்த விசில் சத்தத்தில் கணவர் கண்ணைத் திறந்தார். என்ன ஆயிற்று என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிரேக் மாஸ்டர் முதல் தடவையாக இரண்டு காலும் தரையில் படாமல் குதித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதத்தின் முதல் நாள் விடிந்தபோது வேன் பேக்கரி முற்றத்தில் நின்றது. முதலாளி லைசென்ஸை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளிடம் கொடுத்துவிட்டு, உள்ளே பார்த்து, "பத்து கடைக்கும் ஏத்துங்கப்பா!" என்று குரல் கொடுத்தார். கணவர் ட்ரேக்களை எண்ணி ஏற்றினார், கதவைச் சாத்தினார், அவள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தில் காலை எங்கே வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

முதல் சிக்னல்வரை அவர் வாய் ஓயவில்லை. "மூணாவது போடு. கியரை மாத்து. அந்தா பாரு, சைக்கிள் வருது."

"பாத்தேன்."

"மஞ்சள்தானே, போயேன்!"

"மஞ்சள் விழுந்தா நிக்கணும். சட்டம் சட்டந்தான்."

அவர் முணுமுணுத்தார். பிறகு அதுவும் நின்றது. அடுத்த சாலைக்குத் திரும்பியபோது அவள் ஓரக் கண்ணால் பார்த்தாள். திக்கென்றது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வண்டியை ஓரம் கட்டப் போனவள், அந்தச் சத்தத்தைக் கேட்டாள். குறட்டை! ஓடுகிற வண்டியில் அந்த மனிதர் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. பேருந்தில் போனால்கூட எழுந்து நின்று, ஓட்டுநருக்குப் பின்னால் போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு வருகிற ஆள். இப்போது வாயைத் திறந்து குழந்தை மாதிரி தூங்குகிறார்.

முன்னால் வேகத்தடை ஒன்று வந்தது. இரண்டாவது கியருக்கு மாற்றி, முன் சக்கரத்தை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கி, பின் சக்கரத்தையும் அப்படியே இறக்கினாள். பின்னால் ட்ரேக்கள் அசையவில்லை. பக்கத்தில் குறட்டையும் நிற்கவில்லை.

முதல் கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் திடுக்கிட்டு விழித்தார்.

"அதுக்குள்ள வந்துட்டோமா?"

"வந்துட்டோம்" என்றாள் அவள். "இறங்குங்க. பன் சூடு ஆறிடும்."